நிமிராத கோடு

எங்கள் வீட்டில் நல்லதை முடியும் முன்னே வாயில் வைக்கக் கூடாது. கெட்டதை எப்போதுமே வாயில் வைக்கக் கூடாது. பிறகு எதைத்தான் பேசுவது என்று கேட்டால், மீன் விலையைப் பேசு என்பாள் உம்மா.

உம்மாவின் பெயர் சித்தி ஜுனைதா. அவளுக்கு நாங்கள் இரண்டு பேர். மூத்தவள் நான், ஜஸீலா. இளையவன் தவ்ஃபீக். வாப்பா எங்கள் சிறு வயதிலேயே போய்விட்டார். ‘போய்விட்டார்’ என்பதுதான் எங்கள் வீட்டுச் சொல். மவுத்து, மையத்து என்று சாவையும் பிணத்தையும் குறிக்கும் சொற்களை உம்மா எங்கள் ஊர் திருப்பாலைக்குடித் தெருவில் யார் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்வாள். வீட்டுக்குள் அவை நுழைந்ததே இல்லை.

இந்தச் சட்டம் இன்னும் இறுகியதற்குக் காரணம் தவ்ஃபீக். சவூதியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தான். அடுத்த விசா வருகிறது என்று ஏஜென்ட் சொன்ன அன்றே தெரு முழுக்கச் சொல்லி, பிரியாணி போட்டு, புதுப் பெட்டியும் வாங்கி வைத்துவிட்டான். விசா வரவில்லை. ஏஜென்ட் ஏமாற்றினான் என்றேன் நான். கண்ணேறு என்றாள் உம்மா. தவ்ஃபீக் உம்மா பக்கம் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து அவனிடம் ஒரு நல்ல செய்தியைக் கறப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தவள், எழுந்துபோய் மறுபடியும் மூடிப் பார்ப்பேன். பயம் அதிகமானால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்கள் கோபத்தைத்தான் பார்ப்பார்கள், பயத்தைப் பார்க்க மாட்டார்கள். இப்படிப்பட்ட என்னையும் எங்கள் ஊர்ப்பக்கமே வந்து நின்ற ஒரு ரிக்கில்தான் வேலைக்குக் கொண்டுபோய் வைத்தது விதி. அதே ரிக்கில், மேலே துளைமேடையில், குழாய் பிடிக்கும் காண்ட்ராக்ட் ஆளாக என் தம்பியும் சேர்ந்தான்.

ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டை வெட்டித் தட்டையாக்கிய பொட்டலில் ரிக் நின்றது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதன் தலை தெரியும். உம்மா துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்தத் திசையைப் பார்த்து ஓதி ஊதிவிட்டு வருவாள்.

பாறைக்கு வயது பார்ப்பது என் வேலை. இதைச் சொன்னால், எல்லாரும் உடனே என் வயதைக் கேட்பார்கள். அது கிடக்கட்டும். பிட் என்கிற துளைமுனை கீழே கல்லை நொறுக்கும். நொறுங்கியதை மேலே தூக்கிவர, குழாய் வழியாக ஒரு சேற்றுக் குழம்பை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். ரிக்கில் எல்லாரும் அதை மட் என்போம். அது திரும்பி மேலே வரும்போது கூடவே வரும் கல்துணுக்குகளைச் சல்லடையில் பிடித்து என் கேபினுக்கு அனுப்புவார்கள். மட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீழே பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாயுவை அதன் கனம்தான் அமுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கனம் போதாத இடத்துக்குப் பிட் போய்விட்டால் வாயு மேலே ஏறும். ஏறினால் என்ன ஆகும் என்பதை நான் வாயில் வைப்பதில்லை. நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

கொஞ்ச தூரத்தில் பல வருஷத்துக்கு முன்பு வேறொரு கிணறு தோண்டினார்கள். அதில் அது நடந்தது. அந்தக் கிணற்றின் கல்துணுக்குகள் பெட்டி பெட்டியாக இன்னும் இருக்கின்றன. அன்று மேடையில் நின்றவர்களில் இருவர் இல்லை.

அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் எங்கள் கிணற்றுக்குப் பாதை போட்டோம். இந்த மண்ணுக்கு அடியில் கிடப்பதெல்லாம் பழைய கடலின் தரை, அடுக்கு அடுக்காக. ஒன்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு காலத்தில் உலகத்துக் கடலெல்லாம் மூச்சுத் திணறியது. செத்து விழுந்த உயிர்கள் மக்காமல் கறுப்புச் சேறாகப் புதைந்தன. கரியில் இலேசானது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. உயிர்கள் விரும்பி எடுப்பது இலேசான கரியை. அது அத்தனையும் சேற்றோடு புதைந்துபோனதால், தண்ணீரில் கனமான கரியின் பங்கு கூடியது. அந்தத் தண்ணீரில் ஓடு கட்டிய உயிர்களின் ஓட்டிலும் அது ஏறியது. ஆகவே அந்தக் காலத்துப் பாறை உலகில் எங்கே இருந்தாலும், பொடித்துக் கருவியில் போட்டால், கனமான கரியின் பங்கைக் காட்டியபடி படுத்துக் கிடக்கும் கரிக்கோடு திடீரென்று நிமிரும். இங்கே நிமிர்ந்த கோடும் ஐரோப்பாவில் நிமிர்ந்த கோடும் ஒரே காலம். பாறை ஊர் மாறலாம், நிறம் மாறலாம், இந்தக் கோடு மாறாது.

பழைய கிணற்றில் வரிசை இப்படி இருந்தது. மேலிருந்து கீழே போகப் போக முதலில் கரிக்கோடு நிமிரும். அதற்குக் கீழே ஒரு நுண்ணுயிரின் ஓடு தலைகாட்டும். கடுகைவிடச் சின்னது, வள்ளத்தின் அடியில் ஓடும் ஏரா மரம் மாதிரி அதன் விளிம்பைச் சுற்றி ஒரு முகடு ஓடும். அந்த மூச்சுத்திணறலில் அழிந்துபோன இனம். அதற்கும் கீழே கொஞ்சம் கறுப்புக் களிக்கல். அதற்குக் கீழே மணல்கல். வாயு அந்த மணல்கல்லில்தான் இருந்தது.

அதனால் எங்கள் ரிக்கில் ஒரே விதி. கோடு நிமிர்ந்ததும் நிறுத்து. இரும்புக் குழாயை இறக்கி, சிமெண்ட் போட்டு, மட்டைக் கனமாக்கி, அதன் பிறகுதான் மேற்கொண்டு தோண்டு. கோடு எப்போது நிமிர்கிறது என்று சொல்ல வேண்டியவள் நான். கல்லைப் பொடித்து அமிலம் விட்டுக் கரியை அளக்கும் லேசர் பெட்டி ஒன்று என் கேபினிலேயே இருந்தது. என் தம்பி நிற்கும் மேடைக்கும் அந்த மணல்கல்லுக்கும் நடுவே இருந்த காவல் அந்தப் பெட்டிதான். சாப்பிடும்போதுகூட எனக்கு அதன் நினைப்புதான்.

ஒரு வாரமாகக் கோடு படுத்தே கிடந்தது. நிமிரவேண்டிய ஆழம் நெருங்கிவிட்டது என்று என் மனம் சொன்னது. பாறை அடுக்கு இங்கே கொஞ்சம் சரிந்து ஆழமாகப் போயிருக்கலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதுவும் நடக்கக்கூடியதே. தோண்டிக்கொண்டே போனார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் முகடுள்ள ஓடு ஒன்று கிடந்தது.

ஊசியால் அதைப் புரட்டிப் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கோடு நிமிராமல் இது வரக்கூடாது. மேலடுக்கிலிருந்து துணுக்குகள் உதிர்ந்து கீழே விழுந்து மாதிரியில் கலப்பது தினமும் நடப்பதுதான். ஆனால் கீழே இருப்பது மேலே வந்து கலக்க வழியே இல்லை. இந்த ஓடு என் தட்டுக்கு வந்திருக்கிறது என்றால், பிட் அதன் அடுக்குக்குள் ஏற்கெனவே போய்விட்டது.

தட்டைத் தூக்கிக்கொண்டு மாரீஸ்வரனிடம் ஓடினேன். ரிக்குக்கு அவர்தான் பொறுப்பு. கமுதிப் பக்கம் மிளகாய்க்காட்டுக்காரர் மகன், பொறுமைசாலி, யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு, கோடு என்ன சொல்கிறது என்று கேட்டார். படுத்திருக்கிறது என்றேன். பழைய பாறை அரித்து, அதிலிருந்த ஓடு புதிய பாறையில் வந்து படிந்திருக்கலாம் இல்லையா என்றார். இருக்கலாம் என்றேன். சல்லடையில் பழைய கிணற்றுத் துணுக்கு ஒட்டியிருந்திருக்கலாம் இல்லையா என்றார். அதற்கும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

“மேடம், கோட்டத்தான் நம்பணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். இப்ப ஒத்தக் கடுகக் கொண்டாந்து ரிக்க நிறுத்துன்னா, மேல நான் என்ன பதில் சொல்லுவேன்? உறுதியா ஒண்ணு கொண்டாங்க, நிறுத்திருவோம்.”

அவர் சொன்னது தப்பில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கேபினுக்குத் திரும்பி வந்து கதவை அறைந்து சாத்தினேன். வெளியே பம்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே மேடையைப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட்டுகளில் எது தவ்ஃபீக் என்று அவன் நடையை வைத்தே சொல்லிவிடுவேன். வலது காலைச் சற்று வீசி நடப்பான். நடந்துகொண்டிருந்தான்.

மறுபடி அதே மாதிரியைத் தட்டில் பரப்பித் துணுக்குத் துணுக்காகத் தள்ளிப் பார்த்தேன். கறுப்புக் களிக்கல். சிப்பித் துண்டுகள். சில நாளாகவே சிப்பித் துண்டு நிறைய வருகிறது. கடல்பாறையில் சிப்பி இல்லாமல் வேறெதில் இருக்கும் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது ஒரு சிப்பித் துண்டின் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் கிடந்தது. சுற்றிலும் மழுங்கிய முட்கள். மேலே பளபளப்பு. நேற்றுக் கடலில் இருந்து எடுத்ததுபோல் புதுசாக இருந்தது.

புதுசுதான் அது. அந்த நட்சத்திர ஓடு எனக்குத் தெரியும். பாம்பன் பக்கத்துக் கடற்கரை மணலை அள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குறைந்தது ஒன்று கிடைக்கும். இன்றைய கடலில் வாழும் இனம். கோடிக்கணக்கான ஆண்டு பழைய பாறையில் அதற்கு என்ன வேலை? கிணற்றின் மேல்பகுதி முழுக்க இரும்புக் குழாய் போட்டு அடைத்தாயிற்று. அங்கிருந்து எதுவும் உதிர முடியாது. அப்படியென்றால் அது பாறையிலிருந்து வரவில்லை. மட்டோடு வந்தது. யாரோ மட்டில் எதையோ கலந்திருக்கிறார்கள்.

எனக்குப் போன வாரம் நினைவுக்கு வந்தது. பாறையில் வெடிப்பு ஒன்றைத் தொட்டு, கிணறு மட்டைக் குடிக்க ஆரம்பித்தது. அப்படி ஆனால் சலவைக்கல் தூளைக் கலந்து வெடிப்பை அடைப்பார்கள். கலந்தால் முதலில் எனக்குச் சொல்லிவிடுவார்கள், நானும் அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்திக்கொள்வேன். தூள் லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்றார்கள். பிறகு கசிவு தானாகவே நின்றுவிட்டது என்றார்கள். அன்று இரவு தவ்ஃபீக் வீட்டில் சிரித்த முகமாகச் சாப்பிட்டான். என்னடா விசேஷம் என்று கேட்டதற்கு, முடியட்டும் சொல்றேன் என்றான். உம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் மேடையைவிட்டு இறங்கினான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மடக்கிப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு அவன் முகம் மலர்ந்துவிட்டது. பெருமையை எத்தனை நாள்தான் அடக்கி வைப்பான், பாவம்.

“லாத்தா, யார்ட்டயும் சொல்லிராத. ஆர்டர் கையில வரட்டும்னுதான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்.”

லாரி வராமல் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவனுக்குக் காதர் மைதீன் மாமா நினைவுக்கு வந்திருக்கிறார். மாமா கோழிப்பண்ணைகளுக்குச் சிப்பித் தூள் அரைத்து விற்பவர். பாம்பன் கரையில் வாரிய சிப்பி. இவன் லோடு ஆட்டோவில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். மட்டுக்குப் பொறுப்பான இன்ஜினியர் விரலில் தேய்த்துப் பார்த்து, சுண்ணாம்பு சுண்ணாம்புதானே என்று கொட்டச் சொல்லிவிட்டார். கசிவு நின்றது. அந்த இன்ஜினியர் இவன் தோளில் தட்டி, உன்னைக் கம்பெனி ஆளாக நிரந்தரமாகப் போடச் சொல்லி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார். அனுமதி இல்லாத சரக்கு என்பதால் அவரும் வெளியே சொல்லவில்லை. நிரந்தர வேலை என்பதால் இவனும் சொல்லவில்லை. இப்போதும் தினம் ஒரு மூட்டையாவது கலக்கிறார்களாம்.

என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“முடியுமுன்ன சொல்லக் கூடாதுங்கிறது நம்ம வீட்டுச் சட்டந்தானே லாத்தா.”

அவனுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். இன்றைய சிப்பியில் இன்றைய கடலின் கரிதான் இருக்கும். அதைப் பாறையோடு கலந்து பொடித்தால், பாறையில் நிமிர்ந்து நிற்கும் கோட்டை இந்தச் சிப்பித் தூள் அமுக்கிப் படுக்கவைத்துவிடும். நிறுத்தவேண்டிய இடத்தை நாம் எப்போதோ தாண்டியிருக்கலாம். அவன் தலையைச் சொறிந்தான். அப்படியென்றால் கருவியில் கோளாறு என்று சொல்லிக்கொள்ளேன், என் தூளை ஏன் இழுக்கிறாய் என்றான். தூள் நன்றாகத்தானே அடைத்தது என்றான். சனிக்கிழமை இன்ஜினியர் திரும்பி வந்துவிடுவார், அதுவரை பொறு என்று கெஞ்சினான்.

“ஏலே, நீ இப்ப மேல போகாத. இங்கனயே இரு,” என்றேன்.

“ஏன்? என்ன ஆகும்?”

என்னால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னால் அது நடந்துவிடும் என்று, இவ்வளவு படித்த நானே அந்த வெயிலில் நம்பினேன். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு, வலது காலை வீசி வீசிப் படியேறிப் போனான்.

நேராக மாரீஸ்வரனிடம் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், எனக்கே இன்னும் உறுதி இல்லை. கோடு உண்மையிலேயே நிமிர்ந்திருக்கிறதா, இல்லை தூள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது படுத்தேதான் இருக்கிறதா? உறுதியில்லாமல் போய்ச் சொல்லி, கடைசியில் கீழே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால், என் தம்பி சோற்றில் நானே மண்ணைப் போட்டவள் ஆவேன். பெட்டி வாங்கி வைத்து ஏமாந்தவன் அவன். இரண்டாம் தடவை அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

கேபினுக்குள் போய் மாதிரியைத் தண்ணீரில் அலசி அலசி ஊற்றினேன். தூள் போனது. மிச்சத்தில் கறுப்புக் களிக்கல் துணுக்குகளை மட்டும் ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சிப்பி ஒரு துண்டும் கூடாது. அவசரத்தில் இரண்டு தடவை துணுக்குகள் தரையில் கொட்டின. வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் பொறுக்கினேன். பொடித்தேன். அமிலம் விட்டேன். கருவி வேலை செய்ய ஆரம்பித்தது. அதை அவசரப்படுத்த முடியாது. அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சத்தம் மாறியது. முதலில் என் பிரமை என்று நினைத்தேன். மேசையில் கை வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து கேபின் தரை வரை நறநறவென்று வந்துகொண்டிருந்த அதிர்வு குறைந்திருந்தது. பிட் இலகுவாக, வேகமாக இறங்குகிறது. களிக்கல்லில் அப்படி இறங்காது. மணல்கல்லில் இறங்கும்.

யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட் திறந்திருந்தது. திரையில் எண் விழுந்தது. கோடு நிமிர்ந்துதான் இருந்தது. ஒரு வாரமாக நான் படுத்திருக்கிறது, படுத்திருக்கிறது என்று சொன்ன கோடு, தூளைக் கழுவியதும், பழைய கிணற்றில் நின்ற உயரத்தில் நின்றது.

மாரீஸ்வரன் அறைக்குப் போன வழியில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கவில்லை. அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். துளையிடும் வேகம் ஏறியதை அவர் திரையும் காட்டியிருந்தது. இந்த வேகம் எங்கேயிருந்து வந்தது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். கோடு நிமிர்ந்துவிட்டது, இத்தனை நாள் மட்டில் கலந்த சிப்பித் தூள் அதை மறைத்திருக்கிறது என்றேன். சிப்பித் தூளா, யார் கலந்தது என்று கேட்டார். அந்த ஒரு நொடியில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்றால் அவர் விசாரிக்க ஆரம்பிப்பார், நிறுத்த மாட்டார்.

“என் தம்பி. தவ்ஃபீக்தான் கொண்டுவந்தான். சார், இப்ப நிறுத்தலேன்னா வெடிக்கும்.”

சொல்லிவிட்டேன். என் வாயாலேயே சொல்லிவிட்டேன். மாரீஸ்வரன் வாக்கிடாக்கியை எடுத்து, துளையை நிறுத்து, குழாயைத் தூக்கு, பம்பை நிறுத்து, மட் வாய்க்காலைப் பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலில் பதற்றமே இல்லை. வெளியே போன வேகத்தில் இடிபட்டு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

பம்பு நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பம்பு நின்று நான் அதிகம் கேட்டதில்லை. அவ்வளவு அமைதி. கருவேல மரத்தில் ஏதோ குருவி கத்துவதுகூடக் கேட்டது. எல்லாரும் மட் திரும்பி வரும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பம்பு நின்றால் வாய்க்காலும் நிற்க வேண்டும். இறைக்காத தண்ணீர் எப்படி வரும்? ஓட்டம் இளைத்தது, நூலாய் மெலிந்தது. நின்றுவிட்டது என்று மூச்சு விடப் போனேன். மறுபடி தடித்தது. யாரும் இறைக்காமல், கீழேயிருந்து, தானாக வந்தது. வரவரக் கொப்பளித்தது.

“மூடு,” என்றார் மாரீஸ்வரன்.

சைரன் ஊதியது. எல்லாரும் காற்றுக்கு எதிர்த்திசையில் கேட்டுப் பக்கம் ஓடினார்கள். என்னையும் யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பின்னால் திரும்பியபடியே ஓடினேன். மேடையில் இன்னும் இரண்டு ஹெல்மெட்டுகள் இருந்தன. ஒன்று டிரில்லர். கிணற்று வாயை மூடும் இரும்புத் தாடைகளுக்கான நெம்புகோல் அவர் கையில். இன்னொன்று, தாடைகள் கவ்வும் இடத்தில் குழாயின் மூட்டு இல்லாதபடி சரிபார்த்துக் கைகாட்ட வேண்டியவன். அவனுடைய நடையை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அவன் நடக்கவில்லை. குனிந்து நின்றான். குழாயைச் சுற்றி மட் பொங்கி மேடையில் வழிந்து அவன் முழங்காலை நனைத்தது. நான் தவ்ஃபீக் என்று கத்தியதாக மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது, ஏதாவது எரிகிறதா என்று காற்றை முகர்ந்துகொண்டே இருந்ததுதான்.

அவன் கையைத் தூக்கினான். தரை ஒருமுறை அதிர்ந்தது. வழிந்துகொண்டிருந்த மட் நின்றது.

தாடைகள் பிடித்துக்கொண்டன. கீழேயிருந்து அழுத்தம் ஏறி, ஏறி, ஓரிடத்தில் நின்றது என்று அப்புறம் சொன்னார்கள். ஒரு குழாய் அளவுக்கு இன்னும் ஆழம் போயிருந்தால் அந்தத் தாடை தாங்கியிருக்குமா என்று நான் கேட்டதற்கு, மாரீஸ்வரன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

கனமான மட்டை இறக்கிக் கிணற்றை அடக்க நாட்கள் ஆயின. அது முடிந்ததும் விசாரணை. அந்த இன்ஜினியர் விடுப்பிலிருந்து திரும்பவில்லை. தவ்ஃபீக்கைக் கூப்பிட்டுக் காண்ட்ராக்டை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவனால்தான் கடைசி நேரத்தில் வாயை மூட முடிந்தது என்று மாரீஸ்வரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அத்தனை நாளும் தவ்ஃபீக் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அவன் இன்னொரு அறைக்குப் போனான். நடந்தது எதையும் நாங்கள் இருவரும் உம்மாவிடம் சொல்லவில்லை. சைரன் சத்தம் கேட்டதே என்று கேட்டதற்கு, ஒத்திகை என்று சொல்லிவைத்தோம்.

விசாரணை முடிந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவனிடம், முடியட்டும் சொல்றேன்னியே அது என்ன ஆச்சு என்று உம்மா கேட்டாள். வேலை போச்சு என்றான் அவன். உம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

“முடியுமுன்ன யாரோ வாயில வச்சிருக்காக,” என்றாள். “யாருடா சொன்னது?”

“லாத்தாதான் சொன்னா.”

உம்மா என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு பார்வையை அவள் என்மேல் எப்போதும் போட்டதில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பார்வை இல்லை அது. நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அன்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதே பயம்தான் வந்தது.

தவ்ஃபீக் சோற்றைப் பார்த்தபடியே பேசினான்.

“அவ சொல்லலேன்னா இந்நேரம் என் மையத்தக் குளிப்பாட்டியிருப்பிய உம்மா. அதுவும் முழுசாக் கிடைச்சிருந்தா.”

உம்மா பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் நுழைந்தது அன்றுதான். எச்சில் கையோடு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் கையை எடுக்கவில்லை. அவன் கண் நிறைந்து அவள் விரல்மேல் வழிந்தது, அப்போதும் எடுக்கவில்லை. நான் எழுந்து போய் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். அவள் விரல் இடுக்கு வழியாக அவன் மூச்சு என் உள்ளங்கையில் சுடச்சுடப் பட்டுக்கொண்டிருந்தது.